மேட்டு மலைக்கு ஒத்துக்காத கன்று

மடுல்சீமையில் நான் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்த தோட்டத்தில், ஒரே தவறணையில் வளர்ந்த கன்றுகளை இரண்டு மலைகளில் நட்டோம். தேயிலை ரகம் டீ.ஆர்.ஐ. 2023; அது ரகத்தின் எண், வருடமல்ல. ஓடைப் பக்கத்து மலையில் செடி மடமடவென்று தழைத்தது. மேட்டு மலையில் கச்சான் காற்று மூன்று வாரம் விடாமல் அடித்ததும் இலை ஓரம் கருகி, குச்சிதான் மிஞ்சியது. நட்ட கைகளே பிடுங்கவும் வேண்டியிருந்தது. “இந்த மேட்டுக்கு இது ஒத்துக்காதுங்க ஐயா” என்றார் ஓர் அக்கா. அவர் சொன்னதில்தான் விஷயம் முழுதும் இருக்கிறது.

இந்த ரகங்களைத் தரும் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் (டீ.ஆர்.ஐ.) இருக்கும் தலவாக்கலையை நனைப்பது தென்மேல் பருவமழை. அந்த மாதங்களில் எங்கள் ஊவாவுக்கு மழை அதிகம் வராது. மலையைத் தாண்டி உலர்ந்த கச்சான் காற்றுதான் இறங்கும். உலகம் விரும்பும் ஊவாத் தேயிலையின் மணமும் அந்தக் காற்றில்தான் பிறக்கிறது, கன்றுகள் சாவதும் அதில்தான். நம் பெருமழை வடகீழ்ப் பருவத்தில் வருவது. தலவாக்கலையில் முதலாவதாக வந்த ரகம் இங்கேயும் முதலாவதாக வரும் என்று எப்படி நம்புவது? நிறுவகம் பசறையிலும் ஒரு நிலையம் வைத்திருப்பது இதனால் நமக்குப் பெரிய காரியம்.

இடத்துக்கு இடம் ஒரு ரகத்தின் விளைச்சல் எப்படி மாறுகிறது என்று பார்க்க ஒரு வழியை 1963இல் ஃபின்லே, வில்கின்சன் என்ற இருவர் எழுதினார்கள். தென் ஆஸ்திரேலியாவில் 277 பார்லி ரகங்களைப் பல இடங்களில், பல பருவங்களில் விதைத்துப் பார்த்தவர்கள். ஓர் இடத்தில் எல்லா ரகங்களும் தந்த சராசரியே அந்த இடத்தின் தரம். இடம் நல்லதாக ஆக ஒரு ரகம் எவ்வளவு ஏறுகிறது என்று கோடு போட்டார்கள். சில கோடுகள் செங்குத்தாக ஏறும்: நல்ல மண்ணில் அள்ளித் தரும், கெட்ட மண்ணில் கைவிடும். சில கோடுகள் கிட்டத்தட்டப் படுத்தே இருக்கும்: எங்கேயும் பிரமாதமில்லை, எங்கேயும் மோசமுமில்லை. இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் முதலிடம் கை மாறிவிடும்.

நம் தேயிலைக்கு வருவோம். டீ.ஆர்.ஐ. 2023, 2025 இரண்டும் ஒரே தாய்ச் செடியின் பிள்ளைகள். ஆனால் வறட்சியை 2025 தாங்கும், 2023 தாங்காது.

இன்றும் சிறுதோட்டக்காரர்கள் என்னிடம் எது நல்ல ரகம் என்று கேட்கிறார்கள். உங்கள் மலை எந்தத் திசையைப் பார்க்கிறது, மண்வெட்டி எத்தனை அடியில் கல்லில் முட்டுகிறது என்று நான் திருப்பிக் கேட்பேன்.

மேட்டு மலையில் இரண்டு வருடம் குவாத்தமாலா புல் வளர்த்து மண்ணைத் தேற்றி, பிறகு 2025 நட்டோம். ஓடைப் பக்கத்து 2023இல் கை வைக்கவில்லை.