பெயின்ட் பிடிக்காத உலோகம்

காரின் கதவு, கூரை போன்ற அகன்ற தகடுகளைக் காட்டிலும், ஜன்னல் ஓரப் பட்டை, வைப்பர் கை, பெயர்ச்சின்னம் போன்ற கையடக்கமான உலோகத் துண்டுகளில்தான் பெயின்ட் எளிதில் உரிகிறது. துண்டு சிறியதாயின் வேலையும் சிறியது என்று எண்ணி வீட்டு வாசலில் ஸ்ப்ரே டப்பாவைக் கையில் எடுப்பவர்கள் பலர். ஆனால் துண்டு சிறுக்கச் சிறுக்க அதில் விளிம்புகளின் பங்கு பெருகுகிறது, பூச்சு தோற்பதும் பெரும்பாலும் அந்த விளிம்புகளில்தான்.

ஈரப் பெயின்டும் ஒரு திரவமே என்பதால், தன் பரப்பைச் சுருக்கிக்கொள்ள முயலும் பரப்பு இழுவிசை அதிலும் இயங்குகிறது. கூரிய விளிம்பில் அவ்விசை பெயின்டை இருபுறமும் பின்னுக்கு இழுத்துவிடுவதால், சமதளத்தில் தடித்து நிற்கும் படலம் விளிம்பில் மட்டும் மெலிந்துபோகிறது. கப்பல்களின் கடல்நீர்த் தொட்டிகளுக்கான பூச்சு விதிகளை 2006-இல் வகுத்த பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு, எஃகு விளிம்புகளைக் குறைந்தது 2 மி.மீ. ஆரத்துக்கு உருட்ட வேண்டும் என்று கூறுவதன் காரணம் இதுவே. கார்ப் பட்டையில் அவ்வளவு இடம் இராது. எனினும் 320-ஆம் எண் உப்புத்தாளால் விளிம்பின் கூர்மையை மழுக்குவதும், முதல் கோட்டை விளிம்புகளுக்கே தனியாக அடிப்பதும் கணிசமான பயன் தருபவை.

1998-இல் திருவள்ளூரை அடுத்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் மிட்சுபிஷி லான்சரும், இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயும் உருவாகத் தொடங்கியபின், இவ்வட்டாரம் கார் தொழிலுக்குப் பெயர் பெற்றது. கார் ஆலைகளில் வண்டியின் கூடு முழுவதும் எண்ணெய் நீக்கும் தொட்டியிலும், பின்னர் துத்தநாக பாஸ்பேட் கரைசலிலும் முக்கப்படுகிறது. 1906-இல் தாமஸ் வாட்ஸ் காஸ்லெட் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற முறையிலிருந்து வளர்ந்த இவ்வழியில், உலோகத்தின்மேல் நுண்படிகங்கள் முளைத்து, பெயின்ட் பற்றிக்கொள்ளச் சொரசொரப்பான தளம் அமைகிறது. ஆர்.கே.பேட்டை போன்ற நெசவூரின் வீட்டுத் தாழ்வாரத்தில் அத்தொட்டிகளுக்கு இடமில்லை. அங்கே அவற்றின் வேலையை உப்புத்தாளும் எட்ச் பிரைமரும் செய்தாக வேண்டும். எட்ச் பிரைமர் என்பது பாஸ்பாரிக் அமிலமும் பாலிவினைல் பியூட்டிரால் என்னும் பிசினும் கலந்தது. அமிலம் உலோகத்தை இலேசாக அரித்துப் பிணைய, பிசின் மேற்பூச்சுக்குப் பிடிமானம் தருகிறது.

ஆயினும் எல்லா உலோகத்துக்கும் ஒரே மருந்து இல்லை. வெற்று இரும்பில் துரு, தான் பிறந்த இரும்பைவிடக் கூடுதல் இடத்தைப் பிடிப்பதால், பூச்சின் அடியில் எஞ்சிய ஒரு புள்ளித் துருவும் நாளடைவில் படலத்தை மேலே தள்ளிக் கொப்பளமாக்கும். ரெட் ஆக்சைடு அடித்தால் துரு அடங்கிவிடும் என்ற நம்பிக்கை, துருவைச் சுரண்டாமல் அடிக்கும் வரையில் வீண். அலுமினியம் காற்றுபட்டவுடன் சில நானோமீட்டர் தடிமனுள்ள ஆக்சைடு போர்வையைப் போர்த்திக்கொள்ளும், அதனால் துருப்பிடிக்காது. ஆனால் பூச்சில் ஒரு கீறல் விழுந்து உப்பு புகுந்தால், படலத்தின் அடியில் நூல்போல நெளிந்து ஊரும் இழை அரிமானம் தோன்றுகிறது. பழவேற்காட்டு உப்புக்காற்று வீசும் கும்மிடிப்பூண்டிப் பக்கம் இவ்வகை அரிமானத்துக்கு மிகவும் ஏற்றது. உப்புக்காற்று உலோகத்தை என்ன செய்யும் என்பதை, காரைக்குடியில் 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் மண்டபம் கடற்கரையில் ஆராய்ந்துள்ளது. குரோம் பூச்சோ ஒரு மைக்ரான் தடிமன்கூட இல்லாதது, எனினும் வழவழப்பானது. அந்தப் பளபளப்பு முற்றிலும் மங்கும்வரை தண்ணீர் விட்டுத் தேய்க்காவிடில் எந்தப் பிரைமரும் நிலைக்காது.

தேய்த்தபின் விரல் படக்கூடாது. சுத்தத்தைச் சோதிக்கக் கருவி தேவையில்லை: துண்டின்மேல் தண்ணீர் ஊற்றினால், அது தாமரை இலைமேல் போல முத்துமுத்தாகத் திரளாமல் ஒரே படலமாகப் பரவி நிற்க வேண்டும். எங்கே படலம் உடைகிறதோ அங்கே எண்ணெய்ப் பசை மிச்சமிருக்கிறது. அதைத் தின்னர் நனைத்த துணியால் துடைத்து, அதே துணியால் மீண்டும் பூசிவிடாமல், மறு துணியால் ஒற்றியெடுக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழைக் காலம் இவ்வேலைக்கு உகந்ததன்று. வெப்பநிலை 30 டிகிரியாகவும் ஈரப்பதம் 85 விழுக்காடாகவும் உள்ள நாளில், காற்றிலுள்ள ஈரம் பனித்துளியாகப் படியத் தொடங்கும் பனிநிலை ஏறத்தாழ 27 டிகிரி. தின்னர் ஆவியாகையில் உலோகத்தின் வெப்பத்தை உறிஞ்சி அதை அதற்கும் கீழே குளிர்வித்துவிடுவதால், கண்ணுக்குத் தெரியாத நீர் பூச்சில் படிந்து, கறுப்புப் பெயின்ட் வெளுத்துப் பூத்துப்போகிறது. மெல்லிய கோட்டுகளாக, இடைவெளி விட்டு அடிப்பதே இதற்கு வழி.

கடினப்படுத்தி சேர்த்து அடிக்கும் இருகலவைப் பெயின்ட் மிக உறுதியானதே, ஆனால் அக்கடினப்படுத்தியில் ஐசோசயனேட் உள்ளது. 1984-இல் போபாலில் கசிந்த மீதைல் ஐசோசயனேட்டின் வேதிக் குடும்பத்தைச் சேர்ந்த இது, அதைப்போல எளிதில் ஆவியாகாவிடினும், தெளிக்கும்போது மூடுபனியாகி நுரையீரலுக்குள் சென்று ஆஸ்துமாவை உண்டாக்கவல்லது. துணி முகக்கவசம் அதைத் தடுப்பதில்லை. வீட்டில் அதைத் தவிர்ப்பதே அறிவுடைமை.

உலர்ந்த துண்டைத் திரும்பப் பொருத்துகையில் ஒன்று கவனத்துக்குரியது. அலுமினியப் பட்டையை எவர்சில்வர் திருகால் முடுக்கினால், இரு உலோகங்களும் மழைநீரில் ஒரு சிறு மின்கலமாகி, அலுமினியம் கரைகிறது. ஆதலால் திருகு துளையின் உட்சுவரிலும் பெயின்ட் சேர வேண்டும், தலைக்கு அடியில் பிளாஸ்டிக் வாஷர் இட வேண்டும்.