நேரம் பாராத வரைபடம்

சென்னை சென்ட்ரலை நெருங்கும் இரயில் பேசின் பிரிட்ஜில் சற்றே நின்றுவிடுவதை நாம் அனைவரும் அறிவோம். பயணிகள் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துச் சலிப்பர். இரயிலோ ஓரடியும் நகர்ந்திராது. நின்ற நேரத்தை விட்டுவிட்டு, நகர்ந்த தூரத்தை மட்டும் குறித்து வைத்தால் எப்படியிருக்கும்? பங்கு விலைகளை அவ்வாறு குறிக்கும் முறைக்கே 'பாயிண்ட் அண்ட் ஃபிகர்' வரைபடம் என்று பெயர். 1933-இல் விக்டர் டி வில்லியர்ஸ் என்பவர் அமெரிக்காவில் இதனை நூலாக எழுதி விளக்கினார்.

சென்னைக் கடற்கரை இரண்டாம் வரிசைச் சாலையில் இயங்கிவந்த பங்குச் சந்தை 2015-இல் விடைபெற்றது. இன்று சந்தை கைப்பேசிக்குள் வந்துவிட்டது. நம் இல்லத்துப் பிள்ளைகளும் நொடிக்கு நொடி மாறும் விலைகண்டு பதறுகின்றனர். சிறு அசைவுகளை ஒதுக்கிவிட்டுப் போக்கை மட்டும் காண இம்முறை உதவும்.

கட்டமிட்ட தாள் ஒன்று போதும். ஒரு கட்டத்துக்குப் பத்து ரூபாய் என்று கொள்வோம். 500 ரூபாயிலிருந்த பங்கு 540-க்கு ஏறினால், 510, 520, 530, 540 ஆகிய கட்டங்களில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருக்கல் குறி இடவேண்டும். பிறகு விலை 525-க்கு இறங்கினால் எதுவும் குறிக்க வேண்டியதில்லை. மூன்று கட்டங்கள், அதாவது முப்பது ரூபாய் இறங்கி 510-ஐத் தொட்டால்தான் அடுத்த வரிசைக்கு நகர்ந்து, 530, 520, 510-இல் வட்டம் இடவேண்டும். மீண்டும் 540-க்கு ஏறினால், மூன்றாம் வரிசையில் 520 முதல் பெருக்கல் குறிகள் தொடங்கும். மாதக்கணக்கில் விலை அசையாதிருந்தால் தாளிலும் ஏதும் ஏறாது.

பெருக்கல் குறி வரிசை, முந்தைய பெருக்கல் குறி வரிசையின் உச்சியைக் கடந்து 550-ஐத் தொட்டால் அது வாங்குவோர் கை ஓங்கியதன் அடையாளம். வட்ட வரிசை முந்தைய வட்ட வரிசையின் அடியைக் கடந்து இறங்கினால் விற்போர் கை ஓங்கியதெனக் கொள்வர்.

கட்டத்தின் மதிப்பைப் பங்குக்கேற்ப அமைப்பது இன்றியமையாதது. பேசின் பிரிட்ஜுக்கு வடக்கே, திருவொற்றியூரில் 1946-இல் பலூன் செய்யும் சிறு கூடமாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். நிறுவனத்தின் ஒரு பங்கு, 2023 ஜூனில் இலட்சம் ரூபாயைத் தாண்டியது. அத்தகைய பங்குக்குப் பத்து ரூபாய்க் கட்டம் பயன்படாது. விலையில் ஒரு சதவீதம், அதாவது ஆயிரம் ரூபாய் என்று அமைத்தால்தான் போக்கு புலப்படும்.

ஒன்றை மறந்துவிடலாகாது. இவ்வரைபடம் நடந்ததைக் காட்டுமேயன்றி நடக்கப்போவதைச் சொல்லாது. மறைவானவற்றை அறிபவன் அல்லாஹ் ஒருவனே. செபி 2024-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அதற்கு முந்தைய மூன்று நிதியாண்டுகளில் பங்குச் சந்தையின் முன்பேர, விருப்ப ஒப்பந்த வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதத்தினர் நட்டமே கண்டனர். அவர்களிடமும் வரைபடங்கள் இருந்திருக்கும்!

எனவே, மகளின் திருமணத்துக்கும் மகனின் படிப்புக்கும் சேர்த்த பணத்தை இதில் இறக்காதீர்கள். வட்டிக்குக் கடன் வாங்கிச் சூதாட்டமாய் ஆடாதீர்கள். எந்த நிறுவனப் பங்கு ஆகுமானது என்பதை மார்க்க அறிஞரிடம் கேட்டுத் தெளியுங்கள். முதலில் ஆறு மாதம் தாளில் மட்டும் குறித்துப் பழகுங்கள். பணம் போகாது, பொறுமை வளரும், இன்ஷா அல்லாஹ்!