பதுவாப் பல்கலைக்கழகம்: காண்பனவும் கற்பனவும்

பழம்பெரும் கல்விக்கூடங்களைக் காணச் செல்லும் பயணியர் பலர், கட்டட வனப்பை வியந்து, நிழற்படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். அங்கே அறிவு வளர்ந்த வரலாற்றை அறிந்து செல்வோர்க்கோ ஒரு நாள் பயணமும் ஒரு நூல் கற்ற பயனைத் தரும். அவ்வாறு அறிந்து காணத்தக்கவற்றுள் ஒன்று, இத்தாலி நாட்டில் வெனிஸ் நகருக்கு மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பதுவாப் பல்கலைக்கழகம்.

தோற்றமும் பெயரும்

பொலோனாப் பல்கலைக்கழகத்தினின்றும் கல்விச் சுதந்திரம் நாடி வெளியேறிய ஆசிரியரும் மாணவரும் 1222ஆம் ஆண்டில் இதனைத் தோற்றுவித்தனர். 2022இல் இது 800 ஆண்டுகளை நிறைவு செய்தது. இதன் தலைமையிடத்திற்குப் 'போ' மாளிகை என்பது பெயர். 'போ' என்பது அவ்வட்டார வழக்கில் எருதைக் குறிக்கும். எருதுச் சின்னம் தாங்கிய விடுதியொன்று முன்னர் அவ்விடத்தில் இருந்தமையால் அப்பெயர் நிலைத்தது. தமிழில் 'போ' என்பது விலக்கும் சொல். ஆனால் இம்மாளிகையோ, வேறிடங்களில் விலக்கப்பட்ட யூதர்க்கும் சீர்திருத்தக் கிறித்தவர்க்கும் மருத்துவப் பட்டம் வழங்கி 'வா' என்றழைத்தது. முற்றத்துச் சுவர்களில் நிறைந்திருக்கும் குடும்பச் சின்னங்கள், பல நாட்டு மாணவர் இங்கே கூடிய செய்தியை இன்றும் உரைக்கின்றன.

காட்சிக்குரியவை

மாளிகையின் உட்பகுதிகளை வழிகாட்டியுடன் சென்று காணலாம். கலிலியோ 1592 முதல் 1610 வரை இங்கே கணிதம் கற்பித்தார். அவர் நின்று பாடம் சொன்னதாக மரபு கூறும் மரமேடை இங்குக் காக்கப்பட்டு வருகின்றது. அதனினும் புகழ்வாய்ந்தது, பேராசிரியர் ஃபப்ரீசியசு காலத்தில் 1595இல் அமைக்கப்பெற்ற உடற்கூற்று அரங்கம். நீள்வட்ட வடிவில், மரத்தாலான ஆறு அடுக்குகள் கொண்டது அது. மாணவர் அடுக்குகளில் நெருங்கி நின்று, கீழே மேசைமீது கிடத்தப்பட்ட உடலை ஆசிரியர் அறுத்துக் காட்டக் கண்டனர். இன்று செல்லும் பயணி கீழே நின்று அண்ணாந்து பார்க்கின்றார். உடல் கிடந்த இடத்தினின்றே அரங்கைக் காணும் அக்காட்சி நெஞ்சை உலுக்கவல்லது.

இங்கே பயின்று 1602இல் பட்டம் பெற்ற ஆங்கிலேயர் வில்லியம் ஆர்வி, குருதிச் சுற்றோட்டத்தை விளக்கும் நூலை 1628இல் வெளியிட்டார். சிரைகளில் உள்ள தடுக்கிதழ்கள் குறித்து அவர்தம் ஆசிரியர் ஃபப்ரீசியசு 1603இல் எழுதிய நூல், அந்த ஆய்வுக்குத் துணைநின்றது.

ஏடும் விழியும்

இவ்வரங்கில் உடலை அறுத்துக் கற்ற அதே காலத்தில், இப்பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பாடநூல்களுள் ஒன்றாக விளங்கியது பேரறிஞர் இப்னு சீனா (980-1037) அரபு மொழியில் இயற்றிய 'அல்-கானூன் ஃபித் திப்பு'. அதன் இலத்தீன் மொழிபெயர்ப்பிலிருந்த பிழைகளைக் களைவதற்காக, ஆந்திரேயா அல்பாகோ என்னும் மருத்துவர் தமாஸ்கசு நகரில் நெடுங்காலம் தங்கி அரபு மொழி பயின்று உழைத்தார். அவர் 1521இல் பதுவாவில் பேராசிரியராக அமர்த்தப்பெற்றார். அவர் திருத்திய பதிப்பு 1527இல் வெனிசில் வெளிவந்தது.

பின்னர் இங்கே கானூனுக்குப் பாடம் சொன்ன சாந்தோரியோ, 1625இல் அந்நூலின் ஒரு பகுதிக்கு விரிவுரை வெளியிட்டார். உடல் வெப்பத்தை அளக்கும் கருவி முதலாகத் தாம் வகுத்த புதிய கருவிகளின் படங்களை அவ்வுரையிலேயே அமைத்தார். பழைய ஏட்டைப் புறந்தள்ளாமலும், அதனோடு நின்றுவிடாமலும் அறிவை வளர்த்த முறை இது. இப்னு சீனாவும் இந்நெறியினரே. மருந்துகளின் தன்மையைச் சோதித்தறியும் விதிகளைக் கானூனில் வகுத்துரைத்தவர் அவர்.

நெடுநாள் திறவாத வாயில்

முற்றத்துப் படிக்கட்டின் அடியில் எலெனா கோர்னாரோ பிஸ்கோப்பியா என்னும் நங்கையின் சிலை நிற்கின்றது. இறையியலில் பட்டம் பெற விழைந்த அவருக்குப் பதுவா ஆயர் பார்பரிகோ இசைவளிக்க மறுத்தார். ஆயினும் 1678ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள், தமது 32ஆம் வயதில், மெய்யியலில் முனைவர் பட்டம் பெற்றார். உலகில் பல்கலைக்கழக முனைவர் பட்டம் பெற்ற முதற் பெண்மணியாக அவர் போற்றப்படுகின்றார். அவருக்குப் பின்னர் அக்கழகம் பெண்டிர்க்கு நெடுங்காலம் கதவை அடைத்தே வைத்திருந்தது. யூதர்க்கும் அயலார்க்கும் இடமளித்த அதே மாளிகை தன் நாட்டு மகளிர்க்கு இடமளிக்கத் தயங்கியது என்பதையும் அச்சிலை நமக்கு உணர்த்துகின்றது.

நாம் கொள்ள வேண்டுவது

இப்னு சீனாவின் நூலை ஐரோப்பா பாடமாகக் கற்றது என மேடைதோறும் பெருமை பேசுகின்றோம். அப்பெருமை உண்மையே. ஆயின் பதுவா மாணவர் அந்நூலைக் கற்றதோடு அமையாது, அரங்கின் அடுக்குகளில் நின்று தம் கண்ணாலும் கண்டனர். நாமோ கற்பதையும் காண்பதையும் விட்டுப் பெருமையை மட்டும் பற்றிக்கொண்டால், முன்னோர் ஈட்டிய செல்வத்தின் கணக்கேட்டைப் படித்துப் பசியாற முயல்வோரையே ஒப்போம்.

மாணவச் செல்வங்களே! பதுவாவுக்குச் செல்லும் வாய்ப்பு எல்லார்க்கும் கிட்டாது. ஆயினும் ஏட்டைக் கற்றலும், கற்றதைச் சோதித்தலும், கற்க வருவோர் எவராயினும் வாயிலைத் திறந்து வைத்தலும் எவ்வூரிலும் இயலும். அம்மூன்றும் உள்ள இடமே பல்கலைக்கழகம்.