பவானி ஜமக்காளம்

நம் தமிழ்ச் சங்கம் கூடுந்தோறும் நாம் அமர்வது ஜமக்காளத்தின்மீதே. திருமண வீட்டிலும் இசையரங்கிலும் முதலில் விரிக்கப்படுவதும், எல்லோரும் சென்றபின் இறுதியிற் சுருட்டப்படுவதும் அதுவே. ஆயினும் அஃது எங்கு, எங்ஙனம் நெய்யப்படுகின்றது என்பதை நம்மிற் பலர் அறியோம். பெயர் தமிழன்றென்பதை முதலெழுத்தே காட்டும். பேச்சுவழக்கோ அதனை ‘ஜமுக்காளம்’ ஆக்கி வீட்டுச் சொல்லாக ஏற்றுக்கொண்டது.

ஈரோடு மாவட்டத்தில், காவிரியொடு பவானியாறு கலக்குமிடத்திலுள்ள பவானி என்னும் ஊரே இத்தொழிலுக்குப் பெயர்பெற்றது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் ஆலைத்துணிகள் நம் சந்தைகளில் வந்து குவிந்தன. மெல்லிய துணியில் அவற்றொடு போட்டியிடுதல் கைத்தறியாளர்க்கு அரிதாயிற்று. அக்காலத்தே பவானியிலிருந்த ஜங்கமர் என்னும் வகுப்பார் தடித்த வண்ணநூல்கொண்டு விரிப்பு நெய்யலாயினர்.

அந்தத் தடிப்பே ஜமக்காளத்தின் இயல்பு முழுவதையும் வகுத்தது எனலாம். கம்பளத்தில் நெய்த பரப்பின்மேல் நூல்முனைகள் மயிர்போல் எழுந்து நிற்கும். ஜமக்காளத்திலோ நெசவே மேற்பரப்பு. ஆதலின் துவைத்தலும் சுருட்டித் தோளிற் சுமத்தலும் எளிது. தடித்த நூலில் நுண்ணிய பூவேலை அமையாது. ஆகவே பல நிறப் பட்டைகளே அதற்கு அழகாயின. பின்னர்ச் செயற்கைப்பட்டு நூல் சேர்த்துக் கரையிற் பூவும் உருவும் அமைக்கும் வகையொன்றும் தோன்றிற்று. வெறும் பட்டைகளே நம் கண்ணுக்கு இனியனவாகத் தோன்றுகின்றன. பிறர் வேறு கருதலாம்.

நெசவாளர் குழித்தறியிற் காலிட்டு மிதிகளை இயக்குவர். விரிப்பு அகன்றதாயின் ஒருவர் கை எட்டாது. இருவர் அமர்ந்து, ஒருவர் விடும் நாடாவை மற்றவர் வாங்குவர். இருவர் கையுங் காலும் ஒத்தியங்கினாலன்றி நெசவு நடவாது.

இவ்வுழைப்பு விலையில் ஏறுமன்றோ? அவ்வாறே பட்டையிட்டு விசைத்தறியில் நெய்த விரிப்பு மலிவாய்க் கிடைக்கின்றது. ஜமக்காளம் கைத்தறிக்கே உரியதென 1985-ஆம் ஆண்டுச் சட்டமொன்று ஒதுக்கியது. பவானி ஜமக்காளத்திற்கு 2005-06-இல் புவிசார் குறியீடும் கிட்டியது. எனினும் போலிகள் ஒழிந்தில. கூலி போதாமையால் நெசவாளரின் மக்கள் வேறு தொழில் நாடிச் செல்கின்றனர்.

குற்றம் விற்போரிடத்து மட்டுமன்று. நம் சங்கத்திற்குப் புதிய விரிப்பு வாங்கச் சென்ற நால்வரில் நாமும் இருந்தோம். நீளம் கேட்டோம், அகலம் கேட்டோம், விலையைக் குறைக்கும்படியும் கேட்டோம். கைத்தறியில் நெய்ததா என்று நால்வரில் ஒருவரும் கேட்கவில்லை.