விட்ட மீனுக்கும் கணக்கு உண்டு

மீன் படகின் ஓரத்துக்கு வந்துவிட்டது. பளபளவென்று மின்னுகிறது, மூன்று கிலோவாவது தேறும். ஆனால் கைவலையை நீட்டுவதற்கு முன் தூண்டில்காரர் அதன் முதுகைப் பார்க்க வேண்டும். முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே, சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு சின்னச் சதைத் துடுப்பு இருக்கிறதா? இருந்தால் பெரும்பாலும் அது ஆற்றில் தானாகப் பிறந்த மீன், விட்டுவிட வேண்டும். அந்த இடத்தில் ஆறிய தழும்பு மட்டும் இருந்தால் பொரிப்பகத்தில் வளர்த்து விட்ட மீன், வீட்டுக்குக் கொண்டுபோகலாம். விட வேண்டிய மீனைப் படகுக்குள் தூக்கிவைத்து நிதானமாகப் பார்க்கவும் முடியாது. அது தண்ணீரில் இருக்கும்போதே முள்ளைக் கழற்றிவிட வேண்டும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பல இடங்களில் இதுதான் விதி.

படகு ஆடுகிறது, மீன் துள்ளுகிறது, கண்ணில் உப்புத் தண்ணீர் தெறிக்கிறது. அதற்கு நடுவில் இத்தனூண்டு துடுப்பைத் தேட வேண்டும். இந்தப் பொழுதுபோக்கின் பாதித் திறமை பிடிப்பதில் இல்லை, அடையாளம் காண்பதிலும் விடுவதிலும்தான் இருக்கிறது.

அந்த மாநிலத்தின் வடமேற்கு மூலையில் நியா பே என்ற சிற்றூர். மக்கா பழங்குடியினரின் ஊர். பக்கத்தில் கேப் ஃப்ளாட்டரி முனை, எதிரே டட்டூஷ் தீவின் கலங்கரை விளக்கம், அதற்கு அப்பால் பசிபிக் பெருங்கடல். கோடை வந்தால் வெளியூர்க்காரர்கள் வண்டிக்குப் பின்னால் படகை இழுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். மேல் தண்ணீரில் சால்மன், அடிப்பாறையில் லிங்காட். ஒரே நாளில் இரண்டுக்கும் தூண்டில் போடலாம் என்பதால்தான் அவ்வளவு தூரம் வருகிறார்கள். விற்பதற்கு அல்ல, உரிமச்சீட்டு எடுத்து, வீட்டுச் சமையலுக்கும் மனத் திருப்திக்கும் பிடிக்கிறவர்கள் இவர்கள். (நம்மூரில் 'இந்தியன் சால்மன்' என்று விற்கும் காலா மீனுக்கும் இந்தச் சால்மனுக்கும் உறவு கிடையாது.)

சால்மனில் இங்கே முக்கியமாகத் தேடப்படுபவை சினூக், கோஹோ என்ற இரண்டு. வாயைத் திறந்து பார்த்தால் சினூக்கின் கீழ்ப்பல் ஈறு கறுப்பாக இருக்கும், கோஹோவுக்கு வெளுப்பு. இரண்டுக்கும் விதிகள் வேறு என்பதால் ஈறு பார்க்கத் தெரியாதவர் தூண்டிலே போடக்கூடாது. இரை, மத்திக்கு உறவான ஹெர்ரிங். அதைக் கல்லுப்பில் ஊறவைப்பார்கள். சதை இறுகினால்தான் முள்ளில் நிற்கும். பிறகு கூர்கத்தியால் தலையைச் சாய்வாக வெட்டி எடுப்பார்கள். அந்தச் சாய்வில்தான் சூட்சுமம். வெட்டு சரியாக விழுந்தால் தண்ணீரில் இழுக்கும்போது இரை சுழன்று சுழன்று, அடிபட்ட மீன் தப்பிக்கத் தவிக்கிற மாதிரி ஓடும். வெட்டு பிசகினால் செத்த மீன் செத்த மீனாகவே வரும், சால்மன் திரும்பிப் பார்க்காது. முள்ளின் நுனியில் பின்னோக்கி நிற்கும் கொக்கியைக் குறடால் நசுக்கிவிட வேண்டும் என்பதும் விதி. விடும்போது மீனுக்குக் காயம் குறைவாக இருக்கட்டும் என்றுதான்.

துடுப்பை வெட்டும் வழக்கம் அணைகளின் கதையோடு சேர்ந்தது. சால்மன் ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட அதே ஆற்றுக்குத் திரும்புவது. கொலம்பியா ஆற்றில் 1942-ல் முடிந்த கிராண்ட் கூலி அணையில் மீன் ஏறிப்போக வழியே வைக்கவில்லை. அதற்கு மேலுள்ள ஆறு முழுவதும் கடல் சால்மனுக்கு இல்லாமல் போனது. இப்படி அடைபட்ட ஆறுகளுக்கு ஈடாகப் பொரிப்பகங்கள் கட்டினார்கள். வளர்த்த மீனும் காட்டு மீனும் கடலில் ஒன்றாகக் கலந்து திரிந்தால் எதைப் பிடிப்பது, எதை விடுவது? 1990-களிலிருந்து வாஷிங்டன் பொரிப்பகங்களில் குஞ்சுகளுக்குப் பெருமளவில் அந்தச் சின்னத் துடுப்பை நறுக்கி அடையாளமிடத் தொடங்கினார்கள். குஞ்சுகளில் ஒரு பகுதிக்கு மூக்குக் குருத்தெலும்புக்குள் ஒரு மில்லிமீட்டர் நீளக் கம்பித் துணுக்கையும் செலுத்துகிறார்கள். எந்தப் பொரிப்பகம், எந்தத் தொகுதி என்ற குறி அதில் இருக்கும். கரையில் கணக்கெடுப்பவர் கையில் ஒரு கருவியோடு நின்று மீன் தலையைத் தடவிப் பார்ப்பார். கம்பி இருந்தால் தலையைக் கேட்டு வாங்கிக்கொள்வார். உடல் உங்களுக்கு, தலை அரசாங்கத்துக்கு.

லிங்காட்டை அழகு மீன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். உடம்பில் பாதி தலை, தலையில் பாதி வாய். பாறை இடுக்கில் அசையாமல் கிடந்து, எதிரில் வருவதை ஒரே பாய்ச்சலில் விழுங்கும். ஐந்து அடி வரை வளரும். 2021-ல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதன் பல்லை எண்ணினார்கள். முதலில் சிவப்புச் சாயம், சில நாள் கழித்துப் பச்சைச் சாயம். பச்சை மட்டும் ஏறிய பல் இடையில் புதிதாக முளைத்தது. சுமார் 555 பற்களில் நாளொன்றுக்குச் சராசரியாக 20 பற்கள் விழுந்து முளைக்கின்றன என்று தெரிந்தது.

இந்த முரட்டு மீனுக்கு இன்னொரு முகம் உண்டு. குளிர்காலத்தில் பெண் பாறையிடுக்கில் முட்டைக் குவியலை இட்டுவிட்டுப் போய்விடும். குஞ்சு பொரிக்கும்வரை வாரக்கணக்கில் காவல் காப்பது ஆண்தான். அது பிடிபட்டால் மற்ற மீன்கள் முட்டைகளைத் தின்று தீர்த்துவிடும். அதனால்தான் பியூஜெட் சவுண்ட் என்ற உள்கடலில் மே 1 முதல் ஜூன் 15 வரை மட்டும்தான் லிங்காட்டுக்கு அனுமதி. ஆளுக்கு நாளொன்றுக்கு ஒன்று. அதுவும் 26 அங்குலத்துக்குக் குறையாமல், 36 அங்குலத்துக்கு மிகாமல். 36-ஐத் தாண்டிய மீன் அநேகமாக நிறைய முட்டையிடும் பெரிய பெண். 'பெரியதைப் பிடித்தேன்' என்ற பெருமையை இங்கே சட்டமே பறித்துவிடுகிறது. எனக்கென்னவோ இது மீன்பிடி விதிகளிலேயே மிகப் புத்திசாலித்தனமானதாகப் படுகிறது.

சில சமயம் லிங்காட் முள்ளில் மாட்டாமலே மேலே வரும். முள்ளில் சிக்கிய சின்ன மீனைக் கவ்விக்கொண்டு, விட மனமில்லாமல் படகு வரை கூடவே வந்துவிடும். அனுபவசாலி அப்போது நிதானமாக, ஒரே சீராக நூலைச் சுற்றுவார். தலை தண்ணீருக்கு மேல் வந்துவிட்டால் வாயைத் திறந்து போய்விடும். கைவலை அடியிலிருந்து வர வேண்டும். சில லிங்காட்டுகளின் சதை பச்சை கலந்த நீலமாக இருக்கும். பார்த்துப் பயப்பட வேண்டாம், வேகவைத்தால் மற்ற மீன் போல வெளுத்துவிடும்.

லிங்காட்டுக்குப் போடும் தூண்டிலில் பாறை மீன்களும் சிக்கும். அவற்றில் மஞ்சள் கண்ணும் செம்மஞ்சள் உடலும் கொண்ட ஒன்று நூறு வயதைத் தாண்டி வாழக்கூடியது. அதைத் தொடவே அனுமதி இல்லை. ஆழத்திலிருந்து சட்டென்று இழுத்தால் வயிற்றுக் காற்றுப்பை உப்பி, கண் பிதுங்கி, இரைப்பை வாய் வழியே தள்ளும். அப்படியே கடலில் விட்டால் மூழ்க முடியாமல் மிதக்கும், கடற்காகத்துக்கு விருந்து. எனவே அடிமீன் பிடிக்கப் போகும் படகில் எடை கட்டிய கவ்வி ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். மீனின் தாடையைக் கவ்விக் கீழே இறக்கினால், அழுத்தம் கூடக் கூடக் காற்றுப்பை சுருங்கி மீன் பழைய நிலைக்குத் திரும்பும். பியூஜெட் சவுண்டில் 120 அடிக்கு மேல் ஆழமான இடத்தில் அடிமீனுக்குத் தூண்டில் போடவே கூடாது. நம் கடற்கரைக் கணக்கில் சுமாராக இருபது பாகம்.

இத்தனை கெடுபிடிக்கு இன்னொரு காரணம், அந்தக் கடல் மீனுக்குப் பங்காளிகள் உண்டு. 1855-ல் மக்கா மக்கள் அமெரிக்க அரசோடு ஒப்பந்தம் செய்தபோது நிலத்தைக் கொடுத்தார்கள், மீன் பிடிக்கும் உரிமையைக் கொடுக்கவில்லை. அந்தப் பகுதியின் மற்ற பழங்குடியினரும் அப்படித்தான். மாநில அரசு அதை மதிக்கவில்லை. நிஸ்குவாலி பழங்குடியைச் சேர்ந்த பில்லி ஃபிராங்க் ஜூனியர் தம் ஆற்றில் வலை போட்டதற்காக 1945-ல், பதினான்கு வயதில் முதன்முதலாகக் கைதானார். மொத்தத்தில் ஐம்பது முறைக்கும் மேல். 1974 பிப்ரவரி 12 அன்று நீதிபதி ஜார்ஜ் போல்ட், பிடிக்கத்தக்க மீனில் பாதிவரை ஒப்பந்தப் பழங்குடியினரின் பங்கு என்று தீர்ப்பளித்தார். தூண்டில்காரர்களும் வலைக்காரர்களும் கொதித்துப்போனார்கள். நீதிபதிக்குக் கொடும்பாவி கட்டினார்கள். 1979-ல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பின் சாரத்தை உறுதி செய்தது. இன்று ஒவ்வொரு வசந்தத்திலும் மாநில அதிகாரிகளும் பழங்குடிப் பிரதிநிதிகளும் எதிரெதிரே உட்கார்ந்து, எந்த ஆற்று மீன் எத்தனை திரும்பும் என்று கணித்து, பருவத்தை வகுக்கிறார்கள்.

அந்த மேசையில் விட்ட மீனும் கணக்கில் வருகிறது. கடலில் தூண்டிலில் பிடித்து விடப்படும் சால்மனில் சுமார் 14 சதவீதம் பிறகு செத்துப்போகும் என்று வைத்துக்கொண்டுதான் ஒதுக்கீடு போடுகிறார்கள். இரண்டு மீன் வைத்துக்கொள்ள இருபதை விட்டவர், கணக்குப்படி ஏறக்குறைய மூன்றைக் கூடுதலாகக் கொன்றிருக்கிறார். 'நான் பிடித்து விட்டுவிடுகிறவன், ஒன்றைக்கூடக் கொல்வதில்லை' என்று நெஞ்சை நிமிர்த்துவோர் இதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். தன் பங்கு கிடைத்ததும் நூலைச் சுருட்டிக்கொண்டு கரைக்குத் திரும்புகிறவரைத்தான் நான் நல்ல தூண்டில்காரர் என்பேன்.

கணிப்பு மோசமாக வந்தால் பருவமே கிடையாது. தெற்கே கலிபோர்னியாவில் 2008, 2009-ல் ஏறக்குறைய அப்படி நடந்தது. வறட்சியில் சாக்ரமென்டோ ஆறு இளைத்த பிறகு 2023, 2024-லும் கடல் சால்மன் பிடிப்பு அடியோடு நிறுத்தப்பட்டது. தூண்டில்காரர்களை ஏற்றிப்போகும் வாடகைப் படகுகள் கட்டிப்போட்டுக் கிடந்தன. 2025 ஜூன் 7-ல் ஒருவழியாகத் திறந்தார்கள். கோடைக்கு மாநிலம் முழுவதற்கும் 7,000 சினூக் என்று வரம்பு. சனிக்கிழமை விடிவதற்கு முன்பே படகுகள் கிளம்பிவிட்டன. ஞாயிறு முடிந்தபோது வரம்பு தாண்டியிருந்தது. அந்தக் கோடைக்கு வைத்திருந்த மிச்ச நாட்களை ரத்து செய்துவிட்டார்கள்.