வண்டிக்குக் கட்டுச்சோறு

தில்லிக்குக் குடிவந்த நம் குடும்பங்களுக்கு ஒரு காலத்தில் நெடும்பயணம் என்றால் ஒன்றே ஒன்றுதான்: கோடை விடுமுறையில் ஊருக்குப் போவது. ஜி.டி. எக்ஸ்பிரஸோ, தமிழ்நாடு எக்ஸ்பிரஸோ, எதில் ஏறினாலும் வீட்டுப் பெண்களின் கணக்கு பிசகியதில்லை. முதல் வேளைக்கு இட்லியும் மிளகாய்ப்பொடியும், மறுநாளைக்குப் புளியோதரை. இவை போக, ரயில் தாமதமானால் குழந்தைகள் வாடக்கூடாதே என்று தனியாக ஒரு பொட்டலம். அந்தப் பொட்டலத்தை ரயில் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் பிரிக்கவே மாட்டார்கள்.

இன்று நம் பிள்ளைகள் தெற்கே போவதைவிட வடக்கே போவதில்தான் ஆர்வமாக இருக்கிறார்கள். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மணாலி வழியாக லே வரை போய்வருவது பல வீடுகளில் ஆண்டுதோறும் எழும் பேச்சு. பெற்றோர் பயப்படுவது பள்ளத்தாக்கைப் பார்த்து. பிள்ளைகள் கவலைப்படுவது விடுமுறை கிடைக்குமா என்று. இரண்டு தரப்பும் கேட்க மறப்பது ஒரு கேள்வியை: பெட்ரோல் எங்கே போடுவது?

2022 செப்டம்பரில் என் மூத்த மகளும் நானும் ஆளுக்கொரு வண்டியில் இந்தப் பாதையில் போய்வந்தோம். என்னுடையது பழைய கார்புரேட்டர் புல்லட் 350. அவளுடையது ஹிமாலயன் 411. புறப்படுமுன் போட்ட கணக்கும் வழியில் கற்றதும் நம் சங்கக் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

மணாலி வரை கவலையில்லை

தில்லியிலிருந்து சண்டிகர், பிலாஸ்பூர், மண்டி வழியாக மணாலி சுமார் 540 கி.மீ. வழியெங்கும் பங்க் உண்டு. ஆனாலும் ஒரு பழக்கத்தை இங்கேயே தொடங்கிவிடுவது நல்லது. டாங்கி பாதியானதும் நிரப்பிவிட வேண்டும். மலைப்பகுதியில் பல பங்க்குகள் இரவில் சீக்கிரம் அடைத்துவிடுவார்கள்.

இந்த 540 கி.மீ.யை அளவெடுக்கவும் பயன்படுத்திக்கொள்ளலாம். டாங்கியை விளிம்புவரை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த பங்க்கில் மறுபடி அதே அளவு நிரப்பி, ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுத்துவிடுங்கள். விளம்பரம் சொல்லும் மைலேஜ் வேறு, உங்கள் மூட்டை முடிச்சோடு உங்கள் வண்டி தரும் மைலேஜ் வேறு. என் புல்லட் சமவெளியில் 34 கொடுத்தது. மண்டியைத் தாண்டி ஏறத் தொடங்கியதும் 30 ஆகிவிட்டது. மேலே இன்னும் குறையும் என்று 28-ஐ வைத்துக் கணக்குப் போட்டேன். மகளின் வண்டிக்கு 26.

ஏன் குறைகிறது? ஏற்றத்தில் தாழ்ந்த கியரில் முனகிக்கொண்டு போவது ஒரு காரணம். இன்னொன்று காற்று. 5,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். கார்புரேட்டர் வண்டிக்கு இது தெரியாது. கீழே விட்ட அளவுக்கே பெட்ரோலை விடும். எரிக்கப் போதிய காற்று இல்லாமல் கரும்புகை வரும், இழுவை குறையும், பெட்ரோலும் வீணாகும். ஃபியூவல் இன்ஜெக்ஷன் வண்டி காற்றுக்குத் தக்கபடி பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும் என்பதால் அதற்குச் சிரமம் கொஞ்சம் குறைவு. இழுவை குறைவது இரண்டுக்கும் பொது.

தாந்தியில் ஒரு பலகை

அடல் சுரங்கப்பாதை 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட பிறகு ரோத்தாங் கணவாயில் ஏறவேண்டிய தேவை இல்லை. 9 கி.மீ. சுரங்கத்தைக் கடந்தால் லாஹௌல் பள்ளத்தாக்கு. மணாலியிலிருந்து சுமார் 60 கி.மீ.யில் சந்திரா, பாகா நதிகள் கூடும் தாந்தி. இங்கே உள்ள பங்க்கின் பலகை இந்தப் பாதையில் போனவர் அனைவருக்கும் தெரியும். அடுத்த பெட்ரோல் நிலையம் 365 கி.மீ. என்று அதில் எழுதியிருக்கிறது. எல்லோரும் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். உட்கார்ந்து கணக்குப் போடுபவர்கள் குறைவு.

லேவுக்கு 35 கி.மீ. முன்பாகக் காரு என்ற ஊரில் பங்க் உண்டு. அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். கிடைத்தால் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிய பங்க்குகள் வரலாம், இருப்பதில் சரக்குத் தீர்ந்திருக்கலாம். அன்றைய நிலவரத்தை மணாலியில் லாரி ஓட்டுநர்களிடம் விசாரித்தால் சரியாகச் சொல்வார்கள்.

போவதற்கல்ல, திரும்புவதற்கு

புல்லட் டாங்கி 13.5 லிட்டர். 28-ஆல் பெருக்கினால் 378 கி.மீ. 365-க்குப் போதும் போலத்தான் தோன்றும். பலரும் இங்கேயே பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறார்கள். மலைப்பாதையில் இந்தக் கணக்கு செல்லாது. சாலை எங்கே வேண்டுமானாலும் மூடிக்கொள்ளலாம். மூடினால் வந்த வழியே தாந்திக்குத் திரும்பவும் பெட்ரோல் வேண்டும்.

வழியை ஒருமுறை பாருங்கள். தாந்தியிலிருந்து கேலாங், ஜிஸ்பா, பாராலாச்சா கணவாய் கடந்து சர்ச்சூ சுமார் 115 கி.மீ. அங்கிருந்து கட்டா லூப்ஸ் என்னும் 21 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, நக்கீ லா, லாச்சுலுங் லா கடந்தால் பாங். அது தாந்தியிலிருந்து 190 கி.மீ. பிறகு மோரே சமவெளி, அதன் முடிவில் 5,328 மீட்டர் உயரத்தில் தங்லாங் லா. அது 255 கி.மீ. அதைத் தாண்டிவிட்டால் லே வரை பெரும்பாலும் இறக்கம்தான்.

ஆகவே நாம் திரும்ப நேரிடக்கூடிய கடைசி இடம் தங்லாங் லா. அங்கே போய்த் திரும்ப 510 கி.மீ. புல்லட்டில் டாங்கியோடு 5 லிட்டர் கேன் சேர்த்தால் 18.5 லிட்டர், அதாவது 518 கி.மீ. ஹிமாலயனில் 15-உடன் 5 சேர்த்து 20 லிட்டர், 520 கி.மீ. இரண்டும் சரியாக வந்தன. அந்த 5 லிட்டர் லே போய்ச் சேர்வதற்கு அல்ல, வீடு திரும்புவதற்கு. அம்மா தனியாகக் கட்டிய அந்தப் பொட்டலம் மாதிரிதான்.

பாங்கில் ஒரு காலை

ஜிஸ்பாவில் இரவு தங்கி, விடியுமுன் கிளம்பி, காலை பத்தரைக்குப் பாங் வந்தோம். தங்லாங் லா ஏற்றத்தில் லாரி ஒன்று அச்சு முறிந்து குறுக்கே நிற்கிறது, வழி எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது என்றார்கள். கூடாரக் கடையில் தேநீர் குடித்துக்கொண்டு கணக்கைப் பார்த்தோம். இரண்டு டாங்கியும் பாதி. கேன்கள் இரண்டும் தொடப்படவில்லை. முன்னே போகலாம், பின்னேயும் போகலாம். அவசரம் இல்லை.

அங்கே ஒரே வண்டியில் வந்த இரண்டு இளைஞர்கள் இருந்தார்கள். தாந்தி பங்க்கில் வரிசை நீளம் என்று நிற்காமல் வந்துவிட்டார்களாம். மணாலியில் போட்ட பெட்ரோலில் மீதி இன்னும் 80 கி.மீ.க்கு வரும். லேவுக்கு 175, தாந்திக்கு 190. கூடாரக்காரர் பாட்டிலில் வைத்து விற்கும் பெட்ரோலும் முதல் நாளே தீர்ந்துவிட்டது. அதற்குள் ஒருவனுக்குத் தலைவலி முற்றி வாந்தி வரத் தொடங்கியது. அது 4,600 மீட்டர் உயரம். இந்த நோய்க்கு முதல் மருந்து கீழே இறங்குவதுதான். ராணுவ முகாமின் மருத்துவ அறையில் ஆக்சிஜன் கொடுத்துவிட்டு, வழி திறந்ததும் தாமதிக்காமல் லேவுக்குப் போகச் சொன்னார்கள்.

பகல் ஒரு மணிக்கு வழி திறந்தது. நோயாளிப் பையனை லேவுக்குப் போகும் ஜீப்பில் ஏற்றினோம். "அப்பா, நம் டாங்கியில் இருப்பதே லே வரை வந்துவிடும். ஒரு கேனைக் கொடுத்துவிடலாம்" என்றாள் மகள். திரும்பிப் போகும் பேச்சு முடிந்துவிட்டதால் அந்த 5 லிட்டருக்கு வேலை இல்லை. அவன் நண்பனிடம் கொடுத்தோம். மாலை இருட்டுவதற்குள் இரண்டு வண்டிகள் புறப்பட்ட இடத்திலிருந்து மூன்று வண்டிகள் லே சேர்ந்தன. ஜீப்பில் போனவன் மறுநாள் மருத்துவமனையிலிருந்து வெளியே வந்துவிட்டான்.

கேன் எடுத்துச் செல்வோருக்கு

தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் வேண்டாம். இறுக மூடும் ரப்பர் வளையம் உள்ள உலோகக் கேன்தான் வேண்டும். நிரப்பும்போது வண்டியின் மேல் வைக்காமல் தரையில் வையுங்கள். நிலை மின்சாரப் பொறி பறக்கும் ஆபத்து இதனால் குறையும். கழுத்துவரை நிரப்பாதீர்கள். உயரம் ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் உள்ளே ஆவி தள்ளும். சைலன்ஸருக்குப் பக்கத்தில் கட்டாமல், எதிர்ப்பக்கம் கட்டுங்கள். இரவில் கேன் நீங்கள் படுக்கும் கூடாரத்துக்குள் வரக்கூடாது. முதல் நூறு கிலோமீட்டரில் இரண்டு முறையாவது இறங்கிக் கசிவு பாருங்கள்.

கையில் ரொக்கம் இருக்கட்டும். ஜிஸ்பாவுக்கு அப்பால் வெகு தூரம் செல்போன் சிக்னலை நம்ப முடியாது. போனைக் காட்டிப் பணம் செலுத்தும் பழக்கம் அங்கே கைகொடுக்காது. வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு ஒன்றாவது வேண்டும். தாந்தி வரிசையில் எவ்வளவு நேரம் ஆனாலும் நின்று நிரப்புங்கள்.

பிள்ளைகள் போகட்டும் என்று விடலாமா என்று கேட்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. வேண்டாம் என்று சொல்வதற்கு முன் ஒரு தாளும் பேனாவும் கொடுத்து, எந்த இடத்திலிருந்து திரும்பினாலும் வீடு வந்து சேர எத்தனை லிட்டர் வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். சரியாக எழுதிக் காட்டினால், வாசல் வரை வந்து வழியனுப்பி வையுங்கள். எழுத முடியாவிட்டால், அவர்கள் கிளம்ப இன்னும் நாள் இருக்கிறது.