மலைக் குளிரும் அடுப்பு உதவியும்

அமெரிக்காவில் ஏழைக் குடும்பங்கள் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க 1981 முதல் அரசு உதவி உண்டு. சுமார் 5,000 அடி உயரத்திலுள்ள மூணாறிலும் தை மாத விடியலில் புல்லில் உறைபனி படியும். தோட்டத்து லயங்களில் சமைக்கவும் குளிர் காயவும் நம் மக்களுக்கு விறகுதான் துணை. சமையலுக்குக் கேஸ் வந்தால் அந்த விறகு குளிருக்கு மிஞ்சும்.

மத்திய அரசின் உஜ்வலா திட்டம் 2016 மே மாதம் தொடங்கியது. கேஸ் இல்லாத ஏழை வீட்டில், பெண்ணின் பெயரில் டெபாசிட் இன்றி இணைப்பு தருவார்கள்.

"எங்க ரேஷன் கார்டு தேனியிலல்லவா இருக்கு? இங்கே எப்படிக் கேட்பது, சார்?" விண்ணப்பம் எழுதிக் கொடுக்கும்போது நான் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பாலக்காட்டு எல்லையிலும் இதே கவலைதான். பிழைப்புக்காக இடம் பெயர்ந்தோர் ரேஷன் கார்டு, முகவரிச் சான்றுக்குப் பதில் சுய உறுதிமொழி தரலாம் என்ற சலுகை 2021 ஆகஸ்டில் வந்தது. ஆதாரும் வங்கிக் கணக்கும் அவசியம்.

இணைப்பு கிடைத்தும் சிலிண்டர் மாற்றப் பணமின்றி மீண்டும் புகையில் இருமும் தாய்மார்களைப் பார்க்கிறேன். மானியம் 2023 அக்டோபரில் சிலிண்டருக்கு 300 ரூபாயானது. முழு விலையை முதலில் கட்டவேண்டும். மானியம் பிறகே வங்கிக்கு வரும். ஆதார் இணைக்காத கணக்கென்றால் அதுவும் தடைப்படும்.

ஒரு எச்சரிக்கை: கதவைச் சாத்திக்கொண்டு விறகோ கேஸோ எரித்துக் குளிர் காயாதீர்கள், நச்சுப்புகை உயிரைப் பறிக்கும்.

படித்த பிள்ளைகளே, பக்கத்து லயத்து அக்காவுக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். அதுவும் தமிழ்த் தொண்டுதான்.